திருநந்திக்கரை குகைக்கோயில் பக்கத்து ஓட்டு வீடு: முகப்பை மட்டும் மாற்ற அனுமதி வேண்டுமா?

நந்தியாறு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வீடு கன்னியாகுமரி மாவட்டம் திருநந்திக்கரையில், குகைக்கோயிலுக்குப் பக்கத்தில். என் மாமனாருடைய அப்பா கட்டியது. அயனி மரத்துக் கூரை, மேலே ஓடு. முன்னால் நீளமாக ஒரு சாய்ப்பு, அதில் ரெண்டு திண்ணை, ஆறு மரத்தூண்.

போன ஐப்பசி மழையில் சாய்ப்பின் வடக்கு மூலை ஒழுக ஆரம்பித்தது. ரெண்டு கழுக்கோல் (ஓட்டைத் தாங்குகிற சாய்வு மரம்) இற்றுப்போய், ஒரு ஓடு நேராகத் திண்ணையில் விழுந்தது. யாரும் உட்கார்ந்திருக்கவில்லை, தப்பித்தோம். தை மாதம் மகள் கல்யாணம். வீட்டுக்காரர் சவுதியில் இருக்கிறார், நான்தான் எல்லாம் பார்க்க வேண்டும்.

ஒரு காண்ட்ராக்டர் வந்து பார்த்தார். சாய்ப்பை மொத்தமாக இறக்கிவிட்டு கான்கிரீட் போர்டிகோ, மரச்சன்னலுக்குப் பதில் அலுமினியம், முன்சுவருக்கு டைல்ஸ் என்று 9 லட்சம் சொன்னார். கோயில் பக்கம் நிற்கிற ஏ.எஸ்.ஐ. (மத்திய தொல்லியல் துறை) பலகையைக் காட்டினேன். “வீட்டையா இடிக்கோம்? முகப்பைத்தானே மாத்துகோம். பழைய அளவிலேயே எழுப்பினா ஒண்ணும் வராது” என்றார். பக்கத்து வீட்டில் ஒருத்தர் பெயின்ட் அடிக்கவே கூடாது என்கிறார், இன்னொருத்தர் யாரும் வந்து கேட்கமாட்டார்கள் என்கிறார்.

வாசலிலிருந்து கோயில் பாறைவரை டேப் பிடித்துப் பார்த்தேன். 70 மீட்டர் வருகிறது. எனக்குத் தெரிய வேண்டியது: முகப்பு மட்டும் என்றாலும் அனுமதி வேண்டுமா? 100 மீட்டருக்குள் தடை என்கிறார்களே, அது எங்கிருந்து கணக்கு? பழைய அளவிலேயே கட்டினால் தப்பில்லை என்பது சரிதானா?

மலையோரம் எழுதியது:

கல்யாணத்துக்கு நாள் இல்லை. பஞ்சாயத்தில் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குங்க. மனு கினு என்று போனால் பிள்ளைக்குக் குழந்தை பிறந்த பிறகுதான் பதில் வரும். நான் பார்த்ததைச் சொல்லுகிறேன்.

படிப்புரை எழுதியது:

நந்தியாறு தங்கச்சி, மலையோரம் சொன்னதைக் கேட்காதீங்க. அவர் உங்களுக்கு நல்லது நினைத்துத்தான் சொல்லுகிறார், ஆனால் அதே பேச்சைக் கேட்டுத்தான் நான் என் வீட்டு வாசலை இழந்தேன். காண்ட்ராக்டருக்கு இப்பவே போன் பண்ணி, ஒரு ஓட்டைக்கூட இறக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்க. மிச்சத்தைப் பிறகு படிக்கலாம்.

என் வீடும் நம்ம மாவட்டத்தில்தான், இதே மாதிரி ஏ.எஸ்.ஐ. பலகை நிற்கிற இன்னொரு இடத்துக்குப் பக்கத்தில். எங்களுக்குத் தெருவைப் பார்த்து ஒரு படிப்புரை இருந்தது. நாஞ்சில் நாட்டு வீடுகளில் இருக்கிற மாதிரி, ரெண்டு பக்கமும் திண்ணை, நடுவில் கதவு, மேலே தனிக் கூரை. கழுக்கோல் எல்லாம் அயனி. ஒரு இரும்பாணி கிடையாது, மர ஆணிதான். கூரை உச்சியில் ஓடுகிற மோட்டு உத்திரத்தில் கழுக்கோல் வந்து சேருகிற ஒவ்வொரு இடத்திலும் ஆசாரி உளியால் கோடு போட்டு வைத்திருப்பார். ஒரு கோடு, ரெண்டு கோடு, மூன்று கோடு. எந்தக் கோல் எந்தப் பள்ளத்தில் உட்கார வேண்டும் என்பதற்கு அதுதான் கணக்கு. சின்ன வயதில் திண்ணையில் மல்லாந்து படுத்து அந்தக் கோடுகளை எண்ணித்தான் நான் எண்ணவே படித்தேன்.

11 வருஷத்துக்கு முன்னால் ஒரு பக்கம் செதல் (கரையான்) பிடித்தது. வந்த காண்ட்ராக்டர் உங்களிடம் சொன்ன அதே வார்த்தையைச் சொன்னார், “பழைய அளவிலேயே எழுப்பிரலாம்.” சரி என்றேன். காலையில் 7 மணிக்கு ஏறினார்கள், 11 மணிக்குத் தரைமட்டம். கூரையில் செதல் அரித்தது நாலு கோல்தான். மிச்சம் இருபதுக்கு மேல் நல்ல கோல்கள், அத்தனையும் லாரியில் ஏறிப் போய்விட்டது. புதுச் சுவருக்கு வானம் (அஸ்திவாரக் குழி) வெட்டின அன்றைக்குத்தான் ஆள் வந்து வேலையை நிறுத்தச் சொன்னார்கள். பிறகு நோட்டீஸ்.

அப்போதுதான் சட்டத்தை எடுத்து உட்கார்ந்து படித்தேன். இடிக்கிறதுக்கு முன்னால் ஒரு நாள் படித்திருந்தால் போதும். 1958-ம் வருஷத்துப் பழைய நினைவுச்சின்னங்கள் சட்டத்தை 2010-ல் திருத்தினார்கள். அந்தத் திருத்தம்தான் நம்மை மாதிரி ஆட்களுக்கு முக்கியம். ஏ.எஸ்.ஐ. பாதுகாக்கிற எந்த இடமானாலும், அதன் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. நீங்க பாறைவரை டேப் பிடித்தீங்க. பாறையிலிருந்து கணக்கில்லை, அவர்கள் பாதுகாக்கிற இடத்தின் எல்லையிலிருந்து. ஆகையால் உங்க 70 மீட்டர் இன்னும் குறையத்தான் செய்யும். எப்படிப் பார்த்தாலும் நீங்க 100-க்கு உள்ளே.

இனி நீங்க கேட்ட மூன்றாவது கேள்வி. என்னை விழத்தட்டினது அதுதான். சட்டத்தில் ‘பழுதுபார்ப்பு, புதுப்பிப்பு’ என்றால் ஏற்கெனவே நிற்கிற கட்டடத்தில் செய்கிற மாற்றம். ‘மறுகட்டுமானம்’ என்றால் முன்பு இருந்த கட்டடத்தை அதே நீள அகலத்தில், அதே உயரத்தில் திரும்ப எழுப்புவது. நம்ம பேச்சில் ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ரெண்டையும் ‘வீட்டு வேலை’ என்போம். 100 மீட்டருக்குள் பழுதுபார்க்க மனு போடலாம். மறுகட்டுமானத்துக்கு அனுமதி கொடுக்க அங்கே வழியே கிடையாது. 100-க்கு வெளியே, அந்த 200 மீட்டர் பகுதியில் என்றால் அனுமதி வாங்கித் திரும்பக் கட்டலாம், புதிதாகவும் கட்டலாம்.

காண்ட்ராக்டர் சொன்ன ‘பழைய அளவிலேயே எழுப்புவது’ இருக்கே, அதுதான் சட்டம் மறுகட்டுமானத்துக்குச் சொல்லுகிற விளக்கம், கிட்டத்தட்ட சொல்லுக்குச் சொல். அவர் தைரியம் சொல்லுவதாக நினைத்து, கூடாது என்று எழுதியிருக்கிற காரியத்தையே உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

என் படிப்புரை நின்றிருந்தால் நாலு கோலை மாற்ற நான் மனு போட்டிருக்கலாம். இறக்கிவிட்ட பிறகு பழுதுபார்க்க அங்கே என்ன இருக்கு? அம்மா சாயங்காலமானால் அந்தத் திண்ணையில்தான் உட்காருவாள். பிறகு ரெண்டு வருஷம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, நீல தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை என்னைக் குறை சொன்னதில்லை. லாரியில் ஏறாமல் தப்பின ஒரு கழுக்கோல் மாட்டுத்தொழுவில் கிடக்கிறது. ஏழு கோடு போட்ட கோல்.

முகப்பு மட்டும் என்றால் விதி பொருந்தாது என்பதும் தப்பு. ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனியாக பாரம்பரிய உபவிதி எழுத வேண்டும் என்று அதே 2010 திருத்தம் சொல்லுகிறது. அதில் என்னவெல்லாம் வரவேண்டும் என்று பட்டியல் போடும்போது கட்டடத்தின் உயரத் தோற்றம், முகப்பு, வடிகால், சாலை, மின்கம்பம், குழாய் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். வீட்டுக்குள் எந்த அறையில் அடுக்களை வைக்கிறீங்க என்பதைவிட, கோயிலுக்கு வருகிறவன் கண்ணில் உங்க வீடு எப்படித் தெரிகிறது என்பதில்தான் அவர்களுக்கு அக்கறை.

அனுமதியில்லாமல் செய்தால் 2 வருஷம்வரை சிறை, அல்லது 1 லட்சம்வரை அபராதம், அல்லது ரெண்டும். பயமுறுத்தச் சொல்லவில்லை. கல்யாண வீட்டு வாசலில் பாதி இடித்த சுவரோடு வேலை நின்றுபோனால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்க, அது போதும்.

இனி செய்ய வேண்டியது. உங்க வீடு 1992 ஜூன் 16-க்கு முன்னால் இருந்தது என்று காட்ட வேண்டும். அந்தத் தேதிக்கு முன்பே நின்ற வீடு என்றால் 100-க்குள் பழுதுபார்க்க மனு செல்லும். பழைய வீட்டுத் தீர்வை ரசீது, கரண்ட் கார்டு, பத்திரம் எல்லாவற்றையும் தேடி எடுங்க. மாமனார் காலத்து டிரங்குப் பெட்டி இருந்தால் அதை முதலில் திறங்க, எனக்கு வேண்டியது அங்கேதான் கிடைத்தது. வீட்டை நாலு பக்கமும் படம் எடுங்க. இற்றுப்போன மூலையைக் கிட்டப்போய், பக்கத்தில் டேப்பைப் பிடித்து எடுங்க. என்ன மாற்றுகிறீங்க, எந்தப் பொருளால் மாற்றுகிறீங்க என்று எழுதுங்க. ‘முகப்புப் புதுப்பிப்பு’ என்று மொட்டையாக எழுதினால் கேள்வி மேல் கேள்வி வரும். ‘வடக்கு மூலையில் 2 கழுக்கோல், அதன் மேல் ஓடு தாங்குகிற பட்டியல் மரம், உடைந்த ஓடு’ என்று எண்ணிக்கையோடு எழுதுங்க.

மனு தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்குப் போகும், ஆனால் நேராக அல்ல. மாநிலத்துக்கென்று நியமித்த தகுதியுள்ள அதிகாரி அதை வாங்கி 15 நாளுக்குள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையத்துக்கு 2 மாதம். அவர்கள் பரிந்துரை வந்தபின் அதிகாரி பதில் சொல்ல 1 மாதம். சட்டத்தில் எழுதியிருக்கிற கணக்கு இது, கூட்டினால் மூன்றரை மாதம். தைக்கு முன்னால் வேண்டும் என்றால் இந்த வாரமே போட வேண்டும்.

பஞ்சாயத்துச் சமாசாரம் தனி. 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடிவரையிலான வீட்டுக்கு சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி வந்துவிடுகிறது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு “எனக்குத்தான் அனுமதி இருக்கே” என்று சொன்னவரை நான் பார்த்திருக்கிறேன். அது மாநிலத்துக் கட்டட விதி. நினைவுச்சின்னச் சட்டம் மத்திய சட்டம். ஒன்று கிடைத்தால் மற்றது கிடைத்ததாகாது.

சார்ல்ஸ்டன்_கருங்கல்காரன் எழுதியது:

அக்கா, என் ஊர் கருங்கல். வேலை அமெரிக்காவில், சவுத் கரோலினா மாநிலத்து சார்ல்ஸ்டனில். இந்தத் திரியைப் பார்த்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால் இங்கே ஒரு கோயிலுக்கோ கோட்டைக்கோ இல்லை, பழைய நகரத்துக்கே விதி. 1931-ல் போட்டார்கள். அமெரிக்காவிலேயே இந்த மாதிரிச் சட்டம் வந்த முதல் ஊர் இது. கட்டடக்கலை மறுஆய்வுக் குழு என்று ஒன்று இருக்கிறது. பொதுத்தெருவில் நின்று பார்த்தால் கண்ணில் படுகிற எதை மாற்றுவதென்றாலும் அதன் அனுமதி வேண்டும். வீட்டுக்குள் என்ன செய்தாலும் அந்தக் குழு கேட்காது.

நான் வாடகைக்கு இருக்கிற வீட்டில் முன்சன்னல் ஒன்றின் அடிக்கட்டை இற்றுவிட்டது. வீட்டுச் சொந்தக்கார அம்மாவுக்கு 80 வயதிருக்கும். சன்னலையே மாற்றி பிளாஸ்டிக் பிரேம் போட்டால் மலிவு என்றேன். அவர் என்னைக் கூட்டிப்போய் கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார். பழைய கண்ணாடி, லேசாக அலை அலையாக இருக்கிறது, எதிர்வீட்டு மரம் அதில் தண்ணீரில் தெரிகிற மாதிரி நெளிகிறது. “இது போனால் திரும்ப வராது” என்றார். தச்சர் வந்து அழுகின அடிக்கட்டையை மட்டும் அறுத்து எடுத்து, அதே அளவில் புது மரத்துண்டை ஒட்டவைத்துவிட்டுப் போனார். ஒரு நாள் வேலை.

அப்போது எனக்குக் கருங்கல்லில் எங்க தாத்தா வீட்டு மரக்கம்பிச் சன்னல் ஞாபகம் வந்தது. நாங்களே பிடுங்கி, பழைய சாமான்காரனுக்குக் கொடுத்தோம். அதைத் தடுக்கிற விதி எதுவும் அங்கே இல்லை.

கோட்டைக்குள்_வீடு எழுதியது:

நான் பத்மநாபபுரத்தில் இருக்கிறேன், கோட்டைக்கு உள்ளே. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: கோட்டைச் சுவர் சுமார் 4 கிலோமீட்டர், உள்ளே 185 ஏக்கர் அளவுக்கு ஊர், தெரு, கோயில், குளம் எல்லாம் இருக்கிறது. அரண்மனை அதற்குள் ஒரு பகுதிதான். 1956-ல் நம்ம மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. 2014-லிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கிறது.

அரண்மனையை எல்லாரும் பார்க்கிறார்கள். அதைச் சுற்றியுள்ள தெருவில் சாய்ப்பும் திண்ணையும் வைத்த வீடுகள் ஒவ்வொன்றாகப் போவதை நான் வாசலில் நின்று பார்க்கிறேன். என் தெருவில் முகப்பை மாற்றின ஒருத்தரிடமும் யாரும் வந்து ஏன் என்று கேட்டதில்லை. ஆகையால் நந்தியாறு அக்கா, உங்களைத் தடுக்கிற அந்தப் பலகைமேல் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

டைல்ஸ் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன், அனுமதி கிடைத்தாலும் ஒட்டாதீங்க. எங்க முன்சுவர் மண்ணும் கல்லும் வைத்துச் சுண்ணாம்பு பூசினது. என் அண்ணன் அழகுக்காக அதன்மேல் சிமென்ட் பூசினான். நம்ம ஊரில் ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி கார்த்திகை அடைமழையும் உண்டு, சுவர் வருஷத்தில் பாதி நாள் ஈரம் குடிக்கும். சுண்ணாம்புச் சுவர் வெயில் வந்ததும் அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் விடாது. மூன்றாவது மழைக்கு இடுப்பளவு உயரத்தில் பூச்சு பப்படம் மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. தட்டினால் உள்ளே பொள்ளல் சத்தம். பெயர்த்து எடுத்தபோது பின்னால் மண் மாவாக உதிர்ந்தது. மறுபடி சுண்ணாம்பு பூச ஆள் தேடி அலைந்தேன். டைல்ஸும் அதே வேலையைத்தான் செய்யும்.

எங்க சாய்ப்புக் கூரையைப் பழுதுபார்க்க, ரெண்டு ஆசாரிமார், 11 நாள் வேலை, மரம் சேர்த்து எனக்கு 1 லட்சத்து 40 ஆயிரம் ஆனது. பழைய வீட்டை இடிக்கிற இடத்தில் அயனிக் கோல் கிடைத்தது, அதனால் மரச்செலவு குறைந்தது. உங்க 9 லட்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்க.

நந்தியாறு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. படிப்புரை அண்ணாச்சி, உங்க பதிலை நேற்று ராத்திரி வீட்டுக்காரருக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்த இடம் வந்ததும் “போதும், அந்த ஆளை வரவேண்டாம்னு சொல்லு” என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டேன். முன்பணம் 20 ஆயிரம் கொடுத்திருந்தேன், பாதியைத் திருப்பித் தருகிறேன் என்கிறார். பரவாயில்லை.

டிரங்குப் பெட்டியில் 1974-ம் வருஷத்துத் தீர்வை ரசீது கிடைத்தது, மாமனார் பெயரில். கீழே செல் அரித்திருக்கிறது, ஆனால் வருஷமும் பெயரும் தெளிவாக இருக்கிறது.

ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். எங்க வீட்டிலும் உளிக்கோடு இருக்கிறது அண்ணாச்சி. இருபத்தைந்து வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன், ஒரு நாளும் கண்ணில் படவில்லை. வடக்கு மூலையில் இற்றுப்போனது ஒன்றும் ரெண்டும். மூன்றாவது கோல் வெளியே கறுத்திருக்கிறது, இற்றிருக்கிறதா என்று தெரியவில்லை. அதையும் மனுவில் சேர்க்கட்டுமா? பெயின்ட் விஷயம் என்ன?

படிப்புரை எழுதியது:

ரசீதைப் பத்திரமாக ஒரு கவரில் போட்டு வையுங்க, ஒரிஜினலை எங்கேயும் கொடுத்துவிடாதீங்க. பெயின்டையும் மனுவிலேயே ஒரு வரியாக எழுதிவிடுங்க, என்ன நிறம் என்பதையும் சேர்த்து. தனியாக அதற்கொரு முறை அலைய வேண்டாம்.

மூன்றாவது கோலுக்கு: சாக்கு தைக்கிற கோணி ஊசி இருக்கும் இல்லையா, அதை எடுங்க. கோல் சுவரில் உட்காருகிற நுனியில் குத்திப் பாருங்க, அங்கேதான் முதலில் இறும். கால் அங்குலம்கூட இறங்காமல் ஊசி நின்றால் அது வெறும் புகைக்கறுப்பு, கோல் நல்ல கோல், தொட வேண்டாம். விரல் நுனி அளவுக்கு உள்ளே போனால் சேர்த்துக்கொள்ளுங்க. நுனி மட்டும் இற்றிருந்தால் முழுக்கோலையும் மாற்ற வேண்டியதில்லை. நல்ல ஆசாரி என்றால் அந்த நுனியை அறுத்து, புது மரத்தைப் பிணைத்து, மர ஆணி அடித்துவிடுவார். அறுக்கும்போது உளிக்கோடு உள்ள தலைப்பக்கத்தைத் தொடாமல் அறுக்கச் சொல்லுங்க. மோட்டில் ஏறி, கோல் தலையையும் அந்தப் பள்ளத்தையும் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து வையுங்க.